தணிகைப் படிகளில் ஜனவரி முதல் நாள்

பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். தாம் முருகப்பெருமானுக்குப் படைத்துணையாய் நின்ற நவவீரரின் வழிவந்தோர் என்னும் மரபைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் செங்குந்தர்கள் குழித்தறியில் அமர்ந்து வளர்த்த அவ்வூருக்குத் திருத்தணிகை மலை, பக்கத்து ஊர்க் கோயில் என்ற அளவில் நில்லாமல், குலத்தின் தலைவாசலாகவே விளங்கிவருகிறது. அத்தகைய ஊரை முன்னிட்டுக் கிறிஸ்தவ உலகத்தின் குளிர்காலப் பண்டிகையைப் பற்றி எழுதப் புகுவது பொருந்தாத முயற்சியெனச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் அப்பண்டிகைக் காலமும் அதனோடு வந்த விடுமுறையும் இல்லாதிருந்தால், ஒவ்வோராண்டும் டிசம்பர் 31ஆம் தேதி இரவில் தணிகை மலையில் நிகழும் திருப்புகழ்த் திருப்படித் திருவிழா இன்றுள்ள வடிவில் தோன்றியிராது என்பது என் துணிபு.

இயேசுநாதர் பிறந்த நாள் இன்னதென்று சுவிசேஷங்கள் கூறவில்லை. உரோமாபுரியில் டிசம்பர் 25ஆம் தேதியை அத்திருநாளாகக் கொண்டமைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று கி.பி. 336ஆம் ஆண்டுக்குரியது. அதற்குச் சற்று முன்னரே, 274இல், ஔரேலியன் என்னும் சக்கரவர்த்தி வெல்லற்கரிய சூரியனுக்கு அந்நகரில் பெருங்கோயில் எடுத்து வழிபாட்டை நிலைநிறுத்தினான். ஆதவன் தென்கோடியிலிருந்து திரும்பும் காலத்து விழாவைத்தான் திருச்சபை தன் ஆண்டவருக்கு உரியதாக்கிக்கொண்டதென ஒரு சாராரும், மரியாள் கருவுற்ற நாளாகக் கொள்ளப்பட்ட மார்ச்சு 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணியே இத்தேதி குறிக்கப்பட்டதென மற்றொரு சாராரும் வாதிப்பர். எவ்வாறாயினும், ஊரார் ஓய்ந்திருந்து விளக்கேற்றிய பருவமும் புதிய சமயத்தின் பெருநாளும் ஒன்றாய் இணைந்தன என்பதில் ஐயமில்லை.

அங்ஙனம் இணைந்த திருநாள் சென்ற தேசந்தோறும் அத்தேசத்தின் இயல்பைப் பூண்டது. ஆர்மீனியத் திருச்சபையார் ஜனவரி 6ஆம் தேதி பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தே கொண்டாடுகின்றனர். ருஷ்யரும் எத்தியோப்பியரும் பழைய பஞ்சாங்கத்தைக் கைவிடாமையால் அவர்களுடைய திருநாள் இன்று ஜனவரி 7இல் வருகிறது. பிலிப்பைன் தீவினர் டிசம்பர் 16 தொடங்கி ஒன்பது வைகறைகள் கோயிலுக்குச் செல்வதும், மூங்கிற் சட்டத்தில் காகிதம் ஒட்டிய நட்சத்திர விளக்கை வீட்டு முகப்பில் தொங்கவிடுவதும் நம் மார்கழி வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றமாட்டா. இதற்கு மாறாக, ஸ்காட்லாந்தின் சீர்திருத்தத் திருச்சபையார் இப்பண்டிகைக்கு வேத ஆதாரமில்லையென ஒதுக்கி, ஆண்டுப் பிறப்பையே பெரிதாகக் கொண்டாடினர். 1958 வரையில் டிசம்பர் 25 அந்நாட்டில் பொது விடுமுறையாகவும் இருக்கவில்லை. பாஸ்டன் நகரை உள்ளடக்கிய மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலோ, 1659 முதல் 1681 வரை, அந்நாளைக் கொண்டாடியோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதிக்கும் சட்டமே இருந்தது.

நம் நாட்டிற்கு வருவோம். 1706இல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கியதும், 1853இல் அமெரிக்க ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வேலூர், சித்தூர்ப் பக்கங்களில் பணியாற்றியதும் பலரும் அறிந்த செய்திகள். அவற்றினும் என் உள்ளத்தைக் கவர்வது தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடில் கட்டும் வழக்கமே. 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் பிரான்சிஸ் அடிகள் மாட்டையும் கழுதையையும் நிறுத்தி முதன்முதல் காட்டிய அக்காட்சி, நம் கிராமங்களை அடைந்தபோது வைக்கோற் கூரையைப் பெற்றது. திருநாளுக்குப் பத்து நாள் முன்னரே பெண்கள் கேழ்வரகையோ கம்பையோ ஊறவைத்து, அகன்ற தட்டில் மண்ணும் எருவும் பரப்பித் தூவி, நாள்தோறும் கையால் நீர் தெளித்து முளைக்கவிடுவர். விரற்கடை உயரத்திற்கு எழுந்த அப்பசும்பயிரே குடிலின் முன்னர்ப் புல்வெளியாகிறது. மாரியம்மனுக்கு முளைப்பாரி இடும் கைக்கு இது புதிய வேலையன்று. இரவில் மேளமும் தாளமுமாய்த் தெருத்தெருவாகப் பாடிச் செல்லும் கிறிஸ்துமஸ் பஜனைக் குழுவும், வைகறையில் திருவெம்பாவையும் திருப்பாவையும் பாடிவரும் குழுவும் ஒரே மார்கழிப் பனியில் நடப்பவை அல்லவா?

இது பண்டிகையை ஏற்றுக்கொண்டவர்களின் வரலாறு. ஏற்றுக்கொள்ளாதவர்களிடத்தும் அப்பருவம் புகுந்த வழி வேறு. அது கச்சேரி வழி, அதாவது அரசாங்க அலுவலகத்தின் வழி. இங்கிலாந்தில் நெடுங்காலம் மார்ச்சு 25ஆம் தேதியே ஆண்டின் தலைநாளாகச் சட்டத்தில் வழங்கிற்று. 1752 முதற்கொண்டே ஜனவரி முதல் நாள் அவ்வுரிமையைப் பெற்றது. 1881ஆம் ஆண்டின் செலாவணிப் பத்திரச் சட்டம் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைகளோடு கிறிஸ்துமஸ் நாளையும் ஆங்கில ஆண்டுப் பிறப்பையும் பொது விடுமுறையாக எடுத்தோதிற்று. கோர்ட்டுகளும் பள்ளிகளும் மூடப்பட்டன. ஓய்வு கிடைத்ததே தவிர, அந்த ஓய்வைச் செலவிடும் முறை மனத்துக்கு உவப்பாயில்லை. ஜில்லா அதிகாரிகளான துரைமார்களின் பங்களா வாயிலில் எலுமிச்சம்பழமும் மாலையும் பழத்தட்டுமாய்க் காத்து நின்று, முறை வந்தபோது உள்ளே சென்று சலாமிட்டு வாழ்த்துக் கூறித் திரும்புவதே உத்தியோகஸ்தர்களுக்கும் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் அந்நாளின் கடமையாய்ப் போயிற்று. கற்றறிந்தோர் பலர் இதனை இழிவென உணர்ந்தும் விட முடியாதிருந்தனர்.

இந்நிலையில்தான் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் வழிகாட்டினார். 1870இல் பிறந்து, அர்த்தநாரி என்னும் பெயருடன் மைசூர் அரண்மனை மடைப்பள்ளியில் பணிபுரிந்து, பழனியில் திருப்புகழின் சுவையைக் கண்டு, திருவண்ணாமலையில் சேஷாத்திரி சுவாமிகளின் அருளுரை பெற்று வள்ளிமலையைச் சேர்ந்த அப்பெரியார், திருப்புகழையே மந்திரமாகக் கொண்டவர். வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஏடு தேடி 1894இலும் 1901இலும் இரு பகுதிகளாகத் திருப்புகழை அச்சிட்டிருந்தமையால், பாடுவதற்குரிய நூலும் அன்பர் கைக்கு எட்டியிருந்தது. துரைமார்களுக்கெல்லாம் பெரிய துரையாகிய தணிகேசனை முதலில் கண்டு வணங்கிய பின்னர் மற்றவரைக் காணலாமே என்று சுவாமிகள் அன்பர்களிடம் கூறியதாகச் சொல்வர். 1917ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி அத்திருவிழா தொடங்கிற்று. ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகச் சொல்லப்படும் 365 படிகளில் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, கற்பூரம் ஏற்றி, படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுவது அதன் முறை. நள்ளிரவில் ஆண்டு பிறக்கும்போது அடியார் மலையுச்சியில் சந்நிதியை அடைகின்றனர்.

இதில் நான் வியப்பது சுவாமிகளின் நிதானத்தையே. அரசாங்கம் அளித்த விடுமுறையை அவர் வேண்டாமென மறுக்கவில்லை. ஆங்கிலத் தேதியையும் பழிக்கவில்லை. உரோமாபுரியார் சூரியனுக்குரிய பருவத்தைத் தம் ஆண்டவருக்கு அளித்தனர் என்னும் கொள்கை மெய்யாயின், துரைமார்களுக்குரிய நாளைத் தணிகேசனுக்கு அளித்த இச்செயலும் அதே வகையினது. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் வரக்கூடிய நாள் அதுவாகவே இருந்தது, அவர்கள் வந்தனர், அவர்களோடு தறியை நிறுத்திவிட்டுப் புறப்படும் நெசவாளரும் தெலுங்கு பேசும் உழவரும் சேர்ந்தனர். அப்பொழுது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எல்லைக் கிளர்ச்சியின் பயனாய் 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணியும் பொதட்டூர்பேட்டையும் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்த பின்னரும், ஆந்திர அன்பர்கள் இம்மலைக்கு வருவது குறையவில்லை.

சுவாமிகள் 1950இல் சமாதியடைந்தார். அவர் தொடங்கிய வழக்கமோ பிற மலைகளுக்கும் பரவி, படி பூஜை பல ஊர்களில் நடைபெறுகிறது. ஜனவரி முதல் தேதி நள்ளிரவில் கோயிற் கதவைத் திறந்துவைப்பதும் இன்று பரவலாகிவிட்டது. இது ஆகமத்துக்கு ஒவ்வாதென்றும், அந்நியருடைய ஆண்டுப் பிறப்பை நம் தெய்வத்தின் சந்நிதியில் ஏன் கொண்டாட வேண்டுமென்றும் கேட்போர் உளர். நள்ளிரவுத் தரிசனத்தைப் பற்றிய ஆகம வாதத்தை அறிந்தோர் தீர்க்கட்டும். இரண்டாவது கேள்விக்கு மட்டும் தணிகையில் 1917ஆம் ஆண்டிலேயே விடை கூறப்பட்டுவிட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நியரின் வாயிலில் நின்றவர்களை முருகன் வாயிலுக்கு அழைத்துவரவே அவ்விழா எழுந்தது. சித்திரைப் பிறப்புக்குரிய பஞ்சாங்கம் வாசித்தலும் வழிபாடும் அதனால் யாதொரு குறைவும் அடையாமல் தத்தம் நாளில் நடந்துவருகின்றன.