திருமயத்து சத்தியமூர்த்தி

திருமயம்னு சொன்னா கோட்டைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அங்கே கோயில் கொண்டிருக்கும் பெருமாளின் பெயர் சத்தியமூர்த்தி. அதே ஊரில் 1887 ஆகஸ்ட் 19 அன்று பிறந்த ஒருவருக்கும் அதே பெயர். சென்னைவாசிகளுக்கு அது காங்கிரஸ் ஆபீஸ் பெயர். அந்த மனுஷன் எப்படிச் செத்தார்னு கேட்டுப் பாருங்க, நம்ம மாவட்டத்துக்காரங்களே யோசிப்பாங்க.

அப்போ புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானம். மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு சென்னைக்குப் போய் வக்கீலானவர், அரசியலுக்கு வந்துவிட்டார். கவுன்சிலுக்கு உள்ளே போய்க் கேள்வி கேட்டே வெள்ளைக்காரனைத் திணறடிக்கணும் என்ற சுயராஜ்யக் கட்சி வழிதான் இவர் வழி. 1934 தேர்தலில் ஆற்காடு ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து டெல்லி சட்டசபைக்குப் போனார். 'தீரர்' பட்டம் சும்மா வரலை.

எல்லாத்திலும் இவர் சரின்னு நான் சொல்ல மாட்டேன். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியும் நம்ம புதுக்கோட்டைதான், அதே மகாராஜா கல்லூரிதான். இவரைவிட ஒரு வயசு மூத்தவர். அந்த முயற்சியை எதிர்த்துப் பேசியவர் சத்தியமூர்த்தி. அந்த வழக்கில் வரலாறு யார் பக்கம் தீர்ப்பு சொன்னதுன்னு நமக்குத் தெரியும். இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவதில் எனக்கு இஷ்டமில்லை.

ஆனா பதவி விஷயத்தில் மனுஷர் வேற ரகம். 1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயிக்க ஊர் ஊராகப் பேசியவர். மந்திரிசபை அமைத்தது ராஜாஜி, இவருக்கு இடமில்லை. கட்சியை உடைச்சாரா? இல்லை. 1939ல் சென்னை மேயரானார். ஊருக்குத் தண்ணி வேணும்னு கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பாடுபட்டார். 1940ல் வேலை ஆரம்பித்தது. அதே வருஷம் அவருடைய சிஷ்யர் காமராஜ் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். குருநாதர் என்ன செய்தார் தெரியுமா? சிஷ்யனுக்குக் கீழே செயலாளராக உட்கார்ந்தார்! இன்னிக்கு எந்தக் கட்சியிலாவது இதை நினைச்சுப் பார்க்க முடியுமா?

அப்புறம் 1942. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சாச்சு, அந்தமானும் போயாச்சு. யுத்த பயத்தில் இருந்த அரசாங்கம், பம்பாயில் ஆகஸ்ட் 8ஆம் தேதி 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியதும் கண்ணில் பட்ட தலைவர்களையெல்லாம் அள்ளியது. அந்தக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் காமராஜ் அரக்கோணத்தில் ரயிலை விட்டு இறங்கி, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, கட்சி வேலையை முடித்த பிறகே கைதானார். சத்தியமூர்த்தியோ உடனே பிடிபட்டார். ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவரை எங்கோ இருக்கும் அமராவதி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் அடி. அதிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை. 1943 மார்ச் 28 அன்று சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வயசு 55தான்.

துப்பாக்கி தூக்கினவங்களை மட்டும்தான் யுத்தகாலப் போராளின்னு நினைக்கிறோம். உடம்பு தாங்காதுன்னு தெரிஞ்சும் பம்பாய்க்குப் போய் அந்தத் தீர்மானத்தோடு நின்றதும் போராட்டம்தான் என்பது என் கட்சி.

பூண்டி அணை 1944ல் திறந்தபோது அவர் இல்லை. 1947 ஆகஸ்ட் 15ம் அவர் பார்க்கலை. அன்னிக்கு காமராஜ் நேரே குருநாதர் வீட்டுக்குப் போய் அங்கே கொடியேற்றினார். பின்னாளில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு சத்தியமூர்த்தி சாகர்னு பெயர் வந்தது. 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவு. மழைத்தண்ணிக்கு வருஷாவருஷம் வானம் பார்த்த கண்மாய்களை நம்பியிருக்கும் ஊர்ல பிறந்தவர், எங்கேயோ இருக்கிற பட்டணத்துக்குத் தண்ணிக்கு வழி பண்ணிட்டுப் போயிருக்கார்.

சென்னை நண்பர்களே, அடுத்த தடவை குழாயைத் திறக்கும்போது எங்க ஊர்க்காரரை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.