நந்திக்கடற் கரையின் கதை

குடும்பம் குலைந்த இளைஞர், ஆவிகளும் அற்புதங்களும் நிறைந்த கதைகளை நாடுவது புதிதன்று. 1997இல் வெளிவந்த முதல் ஹரி பொட்டர் நாவலின் நாயகன் பெற்றோரை இழந்தவன். 2005இல் வெளிவந்த 'ட்வைலைட்' நாவலின் நாயகி பிரிந்து வாழும் பெற்றோரின் மகள். இவ்வகைக் கதையை மேனாட்டுச் சரக்கென்று கருதுவோர் நம் வன்னி மண்ணின் பழங்கதையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிலப்பதிகாரத்துக் கண்ணகி பன்னிரண்டு வயதில் மணமுடித்தவள். கணவனை இழந்து மதுரையை எரித்த அவளை இளங்கோ விண்ணுலகுக்கு அனுப்பினார். வன்னி மக்களோ நந்திக்கடற் கரைக்கு அழைத்து வந்தனர். முதியவளாய் வந்தவளுக்கு மாடு மேய்க்கும் சிறுவர் குடில் அமைத்துப் பொங்கலிட்டனர் என்பது வற்றாப்பளை ஐதிகம். விளக்கேற்ற எண்ணெய் இல்லை, கடல்நீரை வார்க்கச் சொன்னாள், விளக்கு எரிந்தது. பேன் பார்க்கக் கூந்தலை வகிர்ந்த சிறுவர், அவள் தலையில் ஆயிரம் கண்களைக் கண்டனர். அக்கணமே அவள் மறைந்தாள். வைகாசிப் பொங்கலுக்காகச் சிலாவத்தைக் கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் விளக்கேற்றும் மரபு இன்றும் உண்டு.

நீரில் திரி எரியுமா என்று வாதிடுவது நம் நோக்கமன்று. இக்கதையைப் படைத்த மக்கள் யாரை நாயகராக்கினர்? அரசனையன்று, பூசகரையுமன்று, வறிய சிறுவரையே. அநீதியால் அனைத்தையும் இழந்த ஒருத்தியின் அருகே அஞ்சாது அமர்ந்தவர் அவர்களே.

2009 மே மாதத்தில் அதே நந்திக்கடலோரத்தில் போர் முடிந்தது. உற்றாரை இழந்த சிறார் பலர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினர். தந்தை இறந்தாரெனத் திதி கொடுக்கவும் இயலாது, வருவாரென நம்பவும் இயலாது வளர்ந்த பிள்ளைக்கு ஆவிக்கதை வெறும் வேடிக்கையாகுமா? சொல்ல வாயில்லாத துயருக்கு அக்கதை ஓர் உருவம் தருகிறது.

ஆகவே, இத்தகைய கதைகளை நம் பாடசாலை நூலகங்கள் ஒதுக்குதல் தகாது. நம் எழுத்தாளர் அவற்றைப் புதிதாய்ப் படைத்தலும் வேண்டும். ஆயினும் கதை நீதிக்கு ஈடாகாது. நந்திக்கடற் கரையில் விளக்கேற்றியவள், அதற்கு முன் பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து வழக்குரைத்தவள். இளைஞருக்கு அவ்விரு கண்ணகியரையும் காட்டுவது நம் கடமை.