திறந்த கல்லறையைக் கண்ட புனிதர்

ஹந்தானை மலைத்தொடரின் கீழே விரியும் கண்டி நகரில், 1941இல் தொடங்கப்பட்டது புனித சில்வெஸ்டர் கல்லூரி. அந்தப் பெயருக்குரியவர் 13ஆம் நூற்றாண்டுத் துறவி.

1177இல் இத்தாலியின் ஓசிமோ நகரில் பிறந்த சில்வெஸ்டர், சட்டப் படிப்பை விட்டு இறையியல் கற்றுக் குருவானார். அழகுக்காகப் புகழப்பட்ட உறவினர் ஒருவரின் சிதைந்த உடலைத் திறந்த கல்லறையில் கண்டதே அவரை மாற்றியது என்கிறது சபை மரபு. ஐம்பது வயதில் உலகைத் துறந்தார். 1231இல் மொந்தே ஃபானோவில் மடம் அமைத்தார். 1247இல் பாப்பரசர் நான்காம் இன்னசென்ட் சபையை அங்கீகரித்தார். 1267 நவம்பர் 26இல் சில்வெஸ்டர் காலமானார்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த அவரது சபையினர், 1854இல் கண்டியில் புனித அந்தோனியார் கல்லூரியைத் தொடங்கினர். கண்டியின் முதல் ஆயர் கிளெமென்ட் பக்னானியும் இச்சபையைச் சேர்ந்தவரே.

செம்மணி, கொக்குத்தொடுவாய் புதைகுழிச் செய்திகளோடு இவ்வரலாற்றை வாசிக்கும்போது ஒன்று என்னை உறுத்துகிறது. சில்வெஸ்டர் கண்ட உடல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் புதைகுழிகளில் கிடைத்த எலும்புகள் பலவற்றுக்கு இன்னும் பெயரில்லை. இறந்தவருக்காக அழவும் செபிக்கவும் முதலில் அவர் யாரென்று தெரியவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கேட்பதும் அதைத்தான்.