ஆறு மணி எண்டா எந்த ஆறு மணி?

போனில் அலாரம் வைக்கிற எல்லாருக்கும் 'காலை 6 மணி' சாதாரண விஷயம்தான். ஆனால் அதை ஒரு தரவு வகையாக எழுதிவைக்க, மென்பொருள் எழுதுகிறவர்களுக்குக் கனகாலம் எடுத்தது. வரலாறு படிக்கிற எங்களுக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்கலாம். இந்தச் சிக்கலை எங்கட நாடு பத்து வருசம் வாழ்ந்தே பார்த்திருக்கிறது.

1996 ஜனவரியில் ஜாவா மொழியின் முதற் பதிப்பு வந்தது. நேரத்தைக் குறிக்க அதில் இருந்த வகையின் பெயர் 'டேட்'. உள்ளே இருந்தது ஒரேயொரு எண். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவில் இருந்து எத்தனை மில்லிசெக்கன் கடந்தது என்ற கணக்கு அது. ஆக, அது ஒரு கணத்தைக் குறிக்கும். திகதியும் ஊரும் இல்லாத வெறும் 'ஆறு மணி'க்கு அதில் இடமில்லை.

அதே வருடம் மே 25 அன்று, மின்சார நெருக்கடி காரணமாக இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணித்தியாலம் குறைத்தது. கொழும்பு கிரீன்விச்சை விட ஆறு மணித்தியாலம் முன்னே நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இரண்டு மாற்றத்தையும் ஏற்கவில்லை. பழைய ஐந்தரையிலேயே இருந்தன. 2002இல் ஏ9 வீதி திறந்தபிறகு, ஓமந்தையைத் தாண்டிப் புளியங்குளம் போனவர்கள் மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போனார்கள். 2006 ஏப்ரல் 15இல், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, அரசும் பழைய நேரத்துக்கே திரும்பியது.

இப்ப ஒரு கணக்குப் பார்ப்போம். 2006 ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பில் ஒருவர், தினமும் காலை 6 மணிக்கு மருந்து குடிக்க அலாரம் வைக்கிறார். செயலி அதை ஒரு கணமாகச் சேமித்து, 24 மணித்தியாலத்துக்கு ஒருதரம் அடிக்கிறது என வைப்போம். ஏப்ரல் 15இல் இருந்து அது 5.30க்கு அடிக்கும். செயலியின் கணக்கில் பிழையில்லை. அந்தக் கணத்துக்கு நாங்கள் வைத்த பெயர்தான் மாறிவிட்டது.

இதற்கான மருந்து 2014இல் ஜாவா 8 உடன் வந்தது: 'லோக்கல்டைம்'. 2017இல் அன்ட்ராய்ட் 8 அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஃபிளட்டரில் உள்ள 'டைம்ஆஃப்டே' இன்னும் எளிது. மணி, நிமிடம் என இரண்டே எண்கள். திகதியும் இல்லை, நேரவலயமும் இல்லை. மணிக்கூடு எப்படி மாறினாலும் அதில் ஆறு ஆறுதான். அலாரத்துக்கு இது போதும்.

வரலாற்றுக்குப் போதாது. 1999இல் நடந்த ஒரு சம்பவத்தை வன்னியில் இருந்தவர் 'பத்து மணிக்கு' என்கிறார், கொழும்பு அறிக்கை '10.30' என்கிறது எண்டு வைப்போம். இரண்டும் ஒரே கணமாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே அட்டவணையில் வெறும் நேரமாகப் பதிந்தால், சாட்சி பிழையாகச் சொன்னமாதிரித் தெரியும். அரை மணித்தியால வித்தியாசத்தைக் காட்டியே ஒருவரின் சாட்சியத்தைத் தள்ளிவிடலாம்.

போன்கள் நம்பியிருக்கும் உலக நேரவலயத் தரவுத்தளத்திலும் இலங்கைக்கு 'ஏசியா/கொழும்பு' என்ற ஒரே பதிவுதான். தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருப்பவர்கள் 'ஏசியா/கொல்கத்தா'வைப் பாவிக்கலாம் என 2006இல் அதில் ஒரு குறிப்புச் சேர்த்தார்கள். குறிப்பு மனிதர் வாசிக்க மட்டும். கணினி அதைத் தாண்டிப் போய்விடும். எங்கட வன்னி நேரம் அங்கே கொல்கத்தாவின் பெயரில்தான் கிடக்கிறது.

ஆகவே வாய்மொழி வரலாறு பதியும் நண்பர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். சொன்னவர் சொன்ன மணியை அப்படியே எழுதுங்கள், நீங்களாகத் திருத்த வேண்டாம். பக்கத்தில் திகதியைப் போடுங்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் வையுங்கள்: எந்தப் பக்கத்து மணிக்கூடு?