பாடம் ஒன்று, பயன் வேறு

ஆங்கில வகுப்பில் இலக்கியத்தின் வழியே பிரிட்டிஷ் பண்பாட்டைப் புகட்டும் வழக்கம் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களைவிட இந்தியாவில்தான் முன்னதாக வேரூன்றியது. இந்தியரின் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்னது 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம். அதை எந்தக் கல்விக்குச் செலவிடுவது என்ற இழுபறிக்கு 1835இல் சட்ட உறுப்பினர் மெக்காலேயின் குறிப்பும் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கின் ஆணையும் ஆங்கிலக் கல்விக்குச் சாதகமாக முடிவு கட்டின. சமய நடுநிலை பேசிய அரசு, தன் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக்கத் தயங்கியது. ஒழுக்கம் புகட்டும் அந்த வேலை ஷேக்ஸ்பியருக்கும் மில்டனுக்கும் வந்து சேர்ந்தது என்று இலக்கிய ஆய்வாளர் கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியான தம் நூலில் நிறுவுகிறார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பட்டப்படிப்பாக ஏற்றது 1894இல்தான்.

ஆள்வோரின் நோக்கம் இதனால் தெளிவாகிறது; ஆனால் படித்தவர்கள் அந்த நோக்கத்துக்குள் அடங்கவில்லை. கல்கத்தா இந்துக் கல்லூரியில் ஆசிரியர் ரிச்சர்ட்சனிடம் ஷேக்ஸ்பியர் பயின்ற மைக்கேல் மதுசூதன் தத், மில்டனின் எதுகையற்ற செய்யுள் நடையை வங்கமொழிக்குக் கொண்டுவந்தார். 1861இல் அவர் எழுதிய மேகநாதவத காவியத்தின் நாயகன் இராவணனின் மகன். தமிழில் பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் கதையொன்றைத் தழுவி 1891இல் மனோன்மணீயம் படைத்தார். அதன் தமிழ்த் தெய்வ வணக்கத்திலிருந்து எடுத்த பகுதியே இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பாடல்.

அப்படியானால் அந்தக் கல்வி நன்மையே செய்தது என்று சிலர் வாதிடலாம். அது சரியாகாது. சமஸ்கிருத, அரபுக் கல்விக்கான ஆதரவை 1835 ஆணை சுருக்கியது. அந்த இழப்பை ஒரு காவியம் ஈடுகட்டாது. தத்தின் சாதனைக்குரிய பெருமையும் அவருக்கே உரியது, பாடத்திட்டத்துக்கு அதில் பங்கு கோர முடியாது. பண்பாட்டை விலக்கிவிட்டு மொழியை மட்டும் கற்பிக்கலாமே என்பது இன்னொரு மறுப்பு. யாரை எப்படி விளிப்பது, எங்கே மறுப்பது, எதற்குச் சிரிப்பது என்பதெல்லாம் வாழ்முறையோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றை நீக்கினால் எஞ்சுவது இலக்கணம் மட்டுமே. விலக்க வேண்டியது, காட்டப்படுவதே முழு பிரிட்டன் என்ற நம்பிக்கையைத்தான். 1940களில் பிரிட்டிஷ் கவுன்சில் வெளிநாட்டாருக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆவணப்படங்களைத் தயாரித்தது. ஒரு நாடு பிறர் தன்னை எப்படிக் காண வேண்டுமென விரும்பியது என்பதற்கு அவை நல்ல சான்றுகள். நாவலோ படமோ, அதைத் தேர்ந்தவர் யார், எதற்காகத் தேர்ந்தார் என்ற கேள்வியையும் பாடத்தின் பகுதியாக்கும் ஆசிரியரே மாணவரை மதிக்கிறார்.