டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்கு இரண்டு பூர்வீகம்

ஜெனரல் மோட்டார்ஸ் 1999 மாடலாக ஒரு புது ஷெவர்லே சில்வராடோவையும், கூடவே அதன் உடன்பிறப்பு ஜிஎம்சி சியராவையும் இறக்கியது. அமெரிக்காவில் இன்றைக்கும் இந்தப் பிக்கப் ட்ரக்குகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. டிரைவர் பக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் பெயர் பாடி கன்ட்ரோல் மாட்யூல். நாம் பாடி மாட்யூல் என்றே வைத்துக்கொள்வோம். உள்விளக்கு, கதவுப் பூட்டு, சீட் பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி, இந்த மாதிரி சில்லறை வேலைகளுக்கெல்லாம் அதுதான் பொறுப்பு.

இது கெட்டுப்போனால் கழற்றி மாட்டுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட்டு, கனெக்டர்களைப் பிடுங்கி, புதுப் பெட்டியில் சொருகினால் ஆச்சு. கூத்து அதற்கப்புறம்தான். சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிக்கும், ஓரிரு விநாடியில் அணைந்துபோகும். மறுபடி திருப்பினாலும் அதே கதை. உள்விளக்கைப் பார்த்துக்கொள்கிற பெட்டிக்கும் இன்ஜினுக்கும் என்னங்க சம்பந்தம்? எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்களைக் கேட்டால் பாதி பதில் கிடைக்கும். மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது.

இந்தப் பெட்டிக்கு இரண்டு பூர்வீகம். முதலாவது, செம்பு.

பழைய ட்ரக்குகளில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஒயர். ஸ்விட்ச், ஃப்யூஸ், பல்பு என்று கரண்ட் நேராகப் போகும். எது கெட்டாலும் ஒரு டெஸ்ட் லேம்ப்பை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பவர் விண்டோ, பவர் லாக், ஸ்பீக்கர், கண்ணாடியைத் திருப்புகிற மோட்டார் என்று வசதிகள் கூடக்கூட ஒயர்க்கட்டும் தடித்துக்கொண்டே போனது. கதவுக்குப் போகிற அத்தனை ஒயரும் கீலுக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர் குழாய்க்குள் நுழைந்தாக வேண்டும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி மடங்கி அறுகிறதும் அங்கேதான்.

ஆளுக்கொரு ஒயர் இழுப்பதற்குப் பதிலாக, எல்லாரும் ஒரே ஒயரில் மாறி மாறிப் பேசிக்கொண்டால் என்ன? ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1983-இல் இதில் இறங்கி, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட் பொறியாளர் மாநாட்டில் தன் முறையை அறிவித்தது. இன்றைக்கு உலகமெங்கும் வண்டிகளில் இருக்கிற 'கேன்' அதுதான். அமெரிக்கக் கம்பெனிகள் கொஞ்ச காலம் தங்கள் சொந்த வழியில் போயின. ஜெனரல் மோட்டார்ஸ் எடுத்தது கிளாஸ் 2 என்ற முறை. ஒற்றை ஒயர், விநாடிக்குச் சுமார் 10,400 பிட். இன்றைய கணக்கில் ஆமை வேகம், ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல அதுவே தாராளம்.

இதோடு ஸ்விட்ச்சுக்கும் பல்புக்கும் இருந்த நேரடி உறவு போயிற்று. கதவு ஸ்விட்ச் இப்போது பல்புக்குக் கரண்ட் அனுப்புவதில்லை. 'கதவு திறந்தாச்சு' என்று பாடி மாட்யூலுக்குத் தெரிவிக்கிறது, அவ்வளவுதான். விளக்கைப் போடுவதா, எவ்வளவு நேரம் எரியவிடுவது என்பதெல்லாம் மாட்யூலின் முடிவு.

இந்த ஒரு பூர்வீகம் மட்டும் இருந்திருந்தால் மாற்றுவது சுலபம். ஒரே மாதிரிப் பெட்டி பல மாடல்களுக்கும் போவதால், இந்த வண்டியில் என்னென்ன வசதி உண்டு என்று அதற்கு ஒருமுறை சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் வண்டியிலேயே இருக்கிறது. டேஷ்போர்டு அறையின் மூடியில் ஒரு ஸ்டிக்கர், அதில் வரிசையாக மூன்றெழுத்துக் குறியீடுகள், ஒவ்வொன்றும் ஒரு வசதி. டீலர்களிடம் இருந்த டெக்-2 என்ற கைக்கருவியைச் சொருகி அதன்படி அமைத்துவிடலாம். தொல்லைதான், ஆனால் பூட்டு இல்லை.

பூட்டு வந்தது இரண்டாவது பூர்வீகத்திலிருந்து. அது திருட்டு.

1980-களில் அமெரிக்காவில் வண்டித் திருட்டு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. திருடிய வண்டியை ஓட்டுவதைவிடப் பிரித்து விற்பதில்தான் காசு. 1984-இல் ஒரு சட்டம் வந்தது. அதிகம் திருடுபோகிற கார்களின் முக்கிய பாகங்களில் அடையாள எண் பொறிக்க வேண்டும் என்றது. அதில் ஒரு விலக்கும் இருந்தது: நல்ல திருட்டுத் தடுப்புக் கருவியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தினால், எண் பொறிப்பதிலிருந்து விலக்கு கேட்கலாம். கம்பெனிகள் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் சாய இதுவும் ஒரு காரணம்.

1986 கார்வெட்டில் சாவிக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டரைப் பதித்தார்கள். மொத்தம் 15 வகை. மதிப்பு ஒத்துப்போகாவிட்டால் வண்டி கிளம்பாது. திருட்டு உடனே அடங்கிவிடவில்லை. 1991-இல் நாடு முழுக்க 16 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் திருடுபோயின, அதுதான் உச்சம். ரெசிஸ்டர் சாவிக்குச் செலவு அதிகம், ஓட்டுகிறவர்களுக்கும் தொல்லை. 1995-இல் கேவலியர் மாதிரியான மலிவுக் கார்களில் பாஸ்லாக் என்ற முறை வந்தது. சாவி சாதா சாவிதான். பூட்டுச் சிலிண்டரில் ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு சென்சார். முறையாகத் திருப்பினால் ஒரு மின்மதிப்பு வரும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் அது வராது.

அந்த மதிப்பைச் சரிபார்க்க யாராவது வேண்டுமே. புதிதாக இன்னொரு பெட்டி வைப்பானேன்? டேஷ்போர்டுக்குக் கீழே ஏற்கனவே ஒன்று சும்மா மணியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இன்ஜின் கணினியோடு பேச ஒயரும் இருக்கிறது. ஆக, வாட்ச்மேன் வேலையும் அதன் தலையில். சென்சார் மதிப்பு சரியென்றால் பாடி மாட்யூல் இன்ஜின் கணினிக்கு ஒரு ரகசியச் சொல்லை அனுப்பும். வராவிட்டால் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். புதுப் பெட்டி மாட்டிய ட்ரக் பிடித்து அணைவது இதனால்தான். புதியவர் சொல்கிற சொல் பழைய கணினிக்குத் தெரியாது.

பழகவைக்க வழி இருக்கிறது. ஸ்டார்ட் செய்து, அணைந்ததும் சாவியை ஆனிலேயே விட்டுவிட வேண்டும். சுமார் 10 நிமிடத்தில் செக்யூரிட்டி விளக்கு அணையும். ஆஃப் செய்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி. மொத்தம் மூன்று தடவை, அரை மணி நேரம். டெக்-2 தேவையில்லை, டீலரும் தேவையில்லை. திருடனுக்கு இல்லாதது, சொந்தக்காரனுக்கு இருப்பது என்ன? நேரம்! அதையே பூட்டாக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தடுப்புகளிலேயே மனுஷத்தனமானது இதுதான் என்பேன். பின்னால் வந்த சிப் சாவி முறைகள் பலவற்றில் கம்பெனியின் கருவியோ அனுமதியோ இல்லாமல் இவ்வளவு தூரம் போக முடியாது.

(இடையில் ஒன்று. பிடித்து அணைகிற பழைய வண்டிகளில் பெட்டியின் மேல் பழி போடுமுன் பூட்டுச் சிலிண்டரைப் பாருங்க. அந்தச் சென்சார் தேய்வதும் அதன் மெல்லிய ஒயர்கள் அறுவதும் ரொம்ப சகஜம். எர்த் பாயின்ட் துருப்பிடித்தாலும் மாட்யூல் பேய் பிடித்தமாதிரி நடக்கும்.)

சட்டமும் இந்த இரட்டைப் பூர்வீகத்தில் சிக்கிக்கொண்டது. 1990-இல் அமெரிக்கக் காற்று மாசுச் சட்டத்தைத் திருத்தியபோது, புகை சம்பந்தமான பழுதுத் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்றார்கள். 1996 மாடலிலிருந்து எல்லா கார்களிலும் ஒரே மாதிரி ஸ்கேனர் சாக்கெட் வந்தது. ஆனால் பாடி மாட்யூல் புகை விடுவதில்லையே! அதனால் அந்தச் சட்டம் அதைத் தொடவில்லை. மாசச்சூசெட்ஸ் மக்கள் 2012 நவம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கு 86 சதவீதம் ஓட்டுப் போட்டார்கள். 2014-இல் கம்பெனிகள் அதையே நாடு முழுவதுக்கும் ஒப்புக்கொண்டன. அங்கேயும் திருட்டுத் தடுப்புக்குத் தனி வாசல்: அந்தத் தகவல், பதிவு செய்து சரிபார்க்கப்பட்ட தொழிலாளிகளுக்கு வேறு வழியாகத்தான் போகும். தவிர, ஒப்பந்தம் 2002 மாடலில்தான் ஆரம்பிக்கிறது. 1999 சில்வராடோ அந்தக் கோட்டுக்கு வெளியே.

இப்போது டெக்-2 பழைய சரக்கு. பயன்படுத்தியவையும் சீன நகல்களும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வசதிப் பட்டியலைப் பெட்டிக்குச் சொல்லித்தர அதில் ஒன்றைத் தேடித்தான் ஆக வேண்டும். இன்ஜினை உயிரோடு வைக்க மட்டும், சார்ஜ் இறங்காத ஒரு பேட்டரியும் அரை மணி நேரமும் போதும்.