செக்போஸ்ட்டும் கூடங்குளமும்

நம்ம சத்தியிலிருந்து மைசூர் போகிற லாரியைப் பண்ணாரி செக்போஸ்ட்டில் நிறுத்தி, எங்கிருந்து வருது, எங்கே போகுது என்று விசாரிப்பார்கள் இல்லையா? ஃபயர்வால் செய்வதும் அதேதான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, போர்ட் எண் பார்த்து உள்ளே விடும், இல்லை மறிக்கும். 1988 நவம்பரில் மாரிஸ் வார்ம் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய பிறகு இந்தக் காவலின் அருமை புரிந்தது.

காவல் மட்டும் போதுமா? 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்தது. அக்டோபர் 29 அன்று நிலையம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முக்கியமான உள் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அணு உலைக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது.

செக்போஸ்ட்டைத் தாண்டி எதுவும் வராது என்று நம்பாதீர்கள், நண்பர்களே. வந்தாலும் போய்ச்சேர வழியில்லாமல் வைப்பதே பாதுகாப்பு.